பழையது என்று தீர்ப்பெழுதும் உரிமை

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. வீட்டுப் பயனர்கள் கேட்டுப் பதிவுசெய்தால் மேலும் ஓராண்டுக்குப் பாதுகாப்பு அப்டேட்டுகள் கிடைக்கும் என்றொரு சலுகை உண்டு. ஆனாலும் கெடு கெடுதான். அடுத்து வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பையும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்குக் குறையாத ப்ராசஸரையும் கேட்கிறது. 2017-க்கு முன் வாங்கிய கணினிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அந்த வாசலில் அனுமதி இல்லை. இதனால் குப்பைக்குப் போகக்கூடிய கணினிகள் உலகம் முழுவதும் சுமார் 24 கோடி என்று கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023-இல் மதிப்பிட்டது. அக்டோபர் 14 இரவு அந்தக் கணினிகளுக்கு ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. முந்தின நாள் ஓடியதுபோலவே மறுநாளும் ஓடின. அவற்றைப் பற்றி எங்கோ எழுதப்பட்ட தீர்ப்பு ஒன்றுதான் மாறியிருந்தது.

ஓடுகிற ஒன்றைச் செத்ததாக அறிவிக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது? நுகர்வோர் பிரச்சினையாகவும் சுற்றுச்சூழல் பிரச்சினையாகவும் இதைப் பலர் பேசிவிட்டார்கள். நான் இதைச் சமயத்தின் கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறேன். பொருளை மனிதன் எப்படி வைத்துக்கொள்ள வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதை இந்த மண்ணில் பிறந்த சமயங்கள் மிக நுணுக்கமாக யோசித்திருக்கின்றன. அந்த யோசனையை இன்று நாம் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். பழைய சிஸ்டத்தைச் சரிபார்த்துச் சரிபார்த்து ஓட்டுகிறவரைப் பார்த்து, “இன்னுமா இதைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?” என்று கேட்கிறோம். அவருக்குப் பொருள்மேல் பற்று என்றும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறவருக்கு விட்டுவிடத் தெரிந்திருக்கிறது என்றும் எண்ணம். சுலபமாகத் தூக்கிப்போடுவது பற்றின்மை ஆகாது. ஒரு பொருளை அதன் பயன் தீரும்வரை பொறுப்போடு கொண்டுசெலுத்துவதே பற்றற்றவன் செய்யும் வேலை. இதுவே என் கட்சி.

முதலில், பழையது என்ற தீர்ப்பையே சோதித்துப் பார்க்கலாம். மிலிந்த பஞ்ஹா என்ற பௌத்த நூலில் நாகசேனர் என்ற துறவி, மிலிந்த மன்னன் ஏறிவந்த தேரைப் பற்றி அவனிடம் விசாரிக்கிறார். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லை, உறுப்புகள் கூடிய இடத்தில் வழங்கும் பெயரே தேர் என்று மன்னனே ஒப்புக்கொள்ள நேர்கிறது. ஒரு பழைய கணினியை இதேபோல உறுப்பு உறுப்பாக விசாரித்தால் என்ன கிடைக்கும்? 2012-இல் 2.5 கிகாஹெர்ட்ஸ் என்று விற்ற ப்ராசஸர் இன்றும் வினாடிக்கு 250 கோடி துடிப்புகளோடுதான் ஓட வல்லது. ரேம் மெதுவாகவில்லை. திரையும் கீபோர்டும் மெதுவாகவில்லை. உண்மையிலேயே மூப்படைந்தவை சில உண்டு: பேட்டரி வேதியியல் முறையில் தேய்கிறது, ஹார்ட் டிஸ்க் சுழன்று சுழன்று பழுதாகிறது, ஃபேனில் தூசி அடைகிறது, ப்ராசஸர்மேல் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோகிறது. சூடு தணியாதபோது ப்ராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தூசியைத் துடைத்துப் பேஸ்ட்டை மாற்றினால் மீண்டும் பழைய வேகத்துக்கு வந்துவிடும். இவை அத்தனையும் மாற்றக்கூடிய, துடைக்கக்கூடிய உறுப்புகள். மொத்தக் கணினியும் கிழடாகிவிட்டது என்று சொல்ல அங்கே எந்த உறுப்பும் சாட்சிக்கு வராது.

அப்படியானால் மெதுவாக இருக்கிறதே, அது பொய்யா? பொய் இல்லை. ஆனால் அந்தத் தாமதத்தின் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்து ஏறியது. சுவிட்சர்லாந்தின் கணினி அறிஞர் நிக்லாஸ் விர்த், மெலிந்த மென்பொருளுக்காக வாதாடி 1995-இல் ஒரு கட்டுரை எழுதினார். வன்பொருள் வேகம் பெறுவதைவிட விரைவாக மென்பொருள் மந்தமாகிறது என்பது அதன் சாரம். அந்தக் கருத்தைத் தன் சகா மார்ட்டின் ரைசருக்கு உரியதென்று அவர் சொன்னாலும், அது விர்த் விதி என்றே நிலைத்துவிட்டது. ஓர் எழுத்துத் திருத்தியை ஒரு காலத்தில் 8,000 பைட்டுகளில் எழுத முடிந்தது, இன்றையவை அதைப் போல் நூறு மடங்கு கேட்கின்றன என்று அன்றே வருந்தினார். 2010-இன் இறுதியில் ஓர் இணையப் பக்கத்தின் நடுத்தர எடை அரை மெகாபைட்டைத் தாண்டவில்லை. இன்று அது 2 மெகாபைட்டுக்கு மேல். படிக்கும் செய்தி அதே நீளம்தான். கூடியது விளம்பரமும், நம்மைப் பின்தொடரும் நிரல்களும், தானாக ஓடும் வீடியோக்களும். பிரவுசரில் பத்து டேப் திறந்ததும் சிஸ்டம் ஹேங் ஆகிறது என்றால், அதன் முதுகில் யார் எதை ஏற்றினார்கள் என்பதையும் கேட்க வேண்டும். சுமை ஏற்றியவரை விட்டுவிட்டுச் சுமப்பதைக் குற்றம் சொல்வது நீதி ஆகாது.

பொருளின் ஆயுளை வெளியிலிருந்து தீர்மானிக்கலாம் என்ற எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1932-இல், பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவில், நியூயார்க்கைச் சேர்ந்த பெர்னார்ட் லண்டன் என்பவர் ஒரு சிறு வெளியீடு எழுதினார். மக்கள் பழைய பொருள்களையே பயன்படுத்திக்கொண்டிருப்பதால் ஆலைகள் முடங்குகின்றன. ஆகவே வீடு, செருப்பு, இயந்திரம் என ஒவ்வொன்றுக்கும் அரசு ஓர் ஆயுளை நிர்ணயிக்க வேண்டும். கெடு முடிந்தால் அது சட்டப்படி இறந்ததாகும். அதன் பிறகும் வைத்துப் பயன்படுத்துகிறவர் வரி கட்ட வேண்டும். இது அவர் யோசனை. எந்த அரசும் அதைச் சட்டமாக்கவில்லை. ஆனால் அவர் அரசிடம் கேட்ட அதிகாரம் இன்று மென்பொருள் நிறுவனங்களின் கையில் இருக்கிறது. வரிக்குப் பதிலாகப் பாதுகாப்பின்மை வசூலிக்கப்படுகிறது. லண்டன் தீயவர் இல்லை என்றே நினைக்கிறேன், வேலையில்லாதவர்களுக்காகக் கவலைப்பட்டவர். அதனால்தான் அந்த யோசனை என்னை அச்சுறுத்துகிறது. பொருளுக்கென்று ஒரு தகுதியும் கிடையாது, அது நம் வாங்கும் ஓட்டத்தில் ஒரு கணக்கு மட்டுமே என்று நல்லவர்களும் நம்பிவிட முடியும் என்பதை அது காட்டுகிறது.

சரி, சமயத்துக்கு வருவோம். அபரிக்கிரகம், அதாவது உடைமை கொள்ளாமை, சமணத்தின் ஐந்து பெரும் விரதங்களில் ஒன்று. பொருளை விடச் சொல்லும் சமயத்தைக் காட்டிப் பொருளைக் காக்கச் சொல்வது முரணாக இருக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் பரிக்கிரகத்தை வரையறுக்கும் இடத்தில் பொருள்களின் எண்ணிக்கையைச் சொல்வதில்லை. பொருளில் மயங்கிக் கிடக்கும் மனநிலையையே உடைமை என்கிறது. அந்த அளவுகோலால் அளந்தால், பத்து ஆண்டுப் பழைய மடிக்கணினியில் கடிதம் எழுதி முடித்து மூடிவைப்பவரைவிட, வேலைசெய்யும் ஒன்றை வைத்துக்கொண்டே புதிய மாடலின் விமர்சன வீடியோக்களில் இரவைக் கழிப்பவரே மயங்கிக் கிடக்கிறார். கையிலிருப்பதை அவர் எளிதாக விடுவதற்குக் காரணம், அடுத்ததை இறுகப் பிடித்திருப்பது. இல்லறத்தாருக்குச் சமணம் விதித்தது முழுத் துறவு அன்று. இவ்வளவு போதும் என்று முன்கூட்டியே வரம்பு கட்டிக்கொள்ளும் விரதம். அந்த வரம்பைத் தானே கட்டிக்கொண்டவரை விற்பனையாளர் குறித்த கெடு ஒன்றும் செய்ய முடியாது.

இதைவிடவும் நம் கேள்விக்கு நேராக வரும் பகுதி ஒன்று சமணத் துறவியரின் ஒழுக்கத்தில் இருக்கிறது. அவர்கள் காக்க வேண்டிய ஐந்து சமிதிகளில், அதாவது விழிப்போடு செய்ய வேண்டிய செயல்களில், நடப்பதும் பேசுவதும் பிச்சை ஏற்பதும் முதல் மூன்று. நான்காவது, எந்தப் பொருளையும் பார்த்து எடுத்துப் பார்த்து வைத்தல். ஐந்தாவது, கழிவை உயிர்கள் இல்லாத இடம் பார்த்துக் கழித்தல். மயிற்பீலியும் கமண்டலமும் தவிர வேறு ஏதும் இல்லாத திகம்பரத் துறவிக்கும் இவை பொருந்தும். உடைமையே கூடாது என்ற மரபு, எடுப்பதையும் வைப்பதையும் எறிவதையும் விரதமாக்கியிருக்கிறது. சித்தன்னவாசலிலும் மதுரையைச் சுற்றிய குன்றுகளிலும் கற்படுக்கைகளில் கிடந்து தவம் செய்த சமண முனிவர்களை நாம் பற்றற்றவர்கள் என்று போற்றுகிறோம். அந்த மரபில் ஒரு பொருளை அலட்சியமாகத் தரையில் வைப்பதுகூடக் குற்றம் என்பதை மறந்துவிட்டோம்.

கணினியை எறிய உயிர்கள் இல்லாத இடம் எது? 2022-இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம் என்று ஐ.நா. சார்பு அறிக்கை சொல்கிறது. மீதியில் ஒரு பகுதி டெல்லி சீலம்பூர் போன்ற இடங்களின் சந்துகளுக்குப் போகிறது. அங்கே செம்புக்காகக் கேபிள்களை எரிக்கிறார்கள், தங்கத்துக்காகச் சர்க்யூட் போர்டுகளை அமிலத்தில் முக்குகிறார்கள். ஈயமும் காட்மியமும் அந்த மண்ணிலும் அங்குள்ள குழந்தைகளின் உடம்பிலும் போய்ச் சேர்கின்றன. பிறப்பிடமும் இப்படித்தான். பழைய வகை மானிட்டரோடு கூடிய ஒரு மேசைக்கணினியை உருவாக்கக் குறைந்தது 240 கிலோ புதைபடிவ எரிபொருளும், 22 கிலோ வேதிப்பொருளும், ஒன்றரை டன் நீரும் செலவாவதாக ஐ.நா. பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று 2004-இல் கணக்கிட்டது. காரும் ஃபிரிட்ஜும் தம் எடையைப் போல் ஒன்றிரண்டு மடங்கு எரிபொருளை உண்டு பிறக்கின்றன. கணினி பத்து மடங்கு உண்டு பிறக்கிறது. இவ்வளவு பேரின் உழைப்பும் நோவும் சேர்ந்த ஒன்றை, திறக்க நேரமாகிறது என்பதற்காக விட்டுவிடலாம் என்பவர் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர்.

விடுவதற்கும் ஒரு முறை உண்டு என்பதை எனக்குத் தெரிந்து மிகத் தெளிவாகச் சொல்வது பௌத்தத் துறவியரின் ஒழுக்க நூலான விநயபிடகத்தில் வரும் ஒரு நிகழ்ச்சி. கோசாம்பி அரசன் உதயணனின் அந்தப்புரப் பெண்கள் புத்தரின் சீடர் ஆனந்தருக்கு 500 மேலாடைகளைத் தானம் கொடுக்கிறார்கள். ஒரு துறவிக்கு 500 ஆடை எதற்கு, துணிக்கடை வைக்கப்போகிறாரா என்று அரசனுக்கு எரிச்சல். நேரில் போய்க் கேட்கிறான். ஆடை நைந்த துறவிகளுக்கு இவற்றைப் பகிர்ந்து கொடுப்போம் என்கிறார் ஆனந்தர். நைந்தவற்றை? படுக்கை விரிப்பாக்குவோம். பழைய விரிப்புகளை? மெத்தை உறையாக்குவோம். பழைய உறைகளை? தரை விரிப்பாக்குவோம். அதன் பிறகு கால் துடைக்கும் துணி, அதன் பிறகு தூசி தட்டும் துணி. அதுவும் இற்றுப்போனால்? துண்டு துண்டாகக் கிழித்துச் சேற்றோடு பிசைந்து தரை மெழுகுவோம். அரசன் மகிழ்ந்து இன்னும் 500 ஆடைகளைக் கொடுத்தான். ஆனந்தர் புதியதை மறுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வறட்டு மறுப்பு இங்கே பாடம் இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் அடுத்த வேலை என்ன என்று அவர் முன்பே யோசித்து வைத்திருந்தார். அந்த வரிசையில் எந்தப் படியிலும் குப்பைமேடு இல்லை.

இன்னொன்றும் அந்தக் கதையில் இருக்கிறது, நாம் எளிதில் தாண்டிப் போய்விடுவது. புதிய ஆடை போனது ஆடை நைந்தவனுக்கு. நாம் செய்வதோ, புதியதை நமக்கு எடுத்துக்கொண்டு, ஓடாத ஒன்றைப் பள்ளிக்கூடத்துக்கோ வேலைக்கு வரும் அம்மாவின் பிள்ளைக்கோ கொடுத்துவிட்டுத் தானம் என்று பெயர் வைப்பது. பழுதைக் கைமாற்றுவது தானம் ஆகாது. சரிபார்த்து, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டு, சார்ஜரோடு கொடுத்தால் மட்டுமே அது அடுத்த படி. 2011-இல் தமிழ்நாட்டு அரசு பிளஸ் டூ, கல்லூரி மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது புதியதைத்தான் கொடுத்தது. முதல் முறையாகக் கணினியைத் தொடுகிறவருக்கு நல்லது வேண்டும். பழையதன் குறைகளோடு மல்லுக்கட்டத் தெரிந்தவர் பழையதை வைத்துக்கொள்ளட்டும். இந்த வரிசையே எனக்கு நியாயமாகப் படுகிறது.

எதிர்வாதங்களில் வலுவானது பாதுகாப்பு பற்றியது. அப்டேட் நின்றுபோன கணினியை இணையத்தில் விட்டுவைப்பது அண்டை வீட்டாருக்கும் ஆபத்து. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் சுமார் 150 நாடுகளில் பரவி, பிரிட்டன் மருத்துவமனைகளில் சிகிச்சைகளையே நிறுத்தியது. அது புகுந்தவை பெரும்பாலும் அப்டேட் செய்யாமல் விட்ட கணினிகள். இந்த வாதத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். பழையதை வைத்துக்கொள்வேன், ஆனால் கவனிக்க மாட்டேன் என்பவருக்கு என் ஆதரவு இல்லை. ஆனால் இதிலிருந்து புதியது வாங்கு என்ற முடிவு பிறப்பதில்லை. விண்டோஸ் கைவிட்ட கணினியில் லினக்ஸ் மின்ட் போன்ற இயங்குதளத்தை ஏற்றினால் அப்டேட்டுகள் தொடர்ந்து வரும், காசு இல்லாமல். அதைவிட மெலிந்த ஆன்ட்டிஎக்ஸ், பப்பி போன்றவையும் உண்டு. கேரள அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் பாடம் நடத்துகின்றன. சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கிறது. வீட்டில் நடக்கும் வேலைகளான கடிதம், கணக்கு, படிப்பு, பாட்டு, பிரவுசர் ஆகியவற்றுக்கு இது போதும். ஒரு குறிப்பிட்ட மென்பொருள் இல்லாமல் தொழில் நடக்காது என்றால், அவர் மாற்றிக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. அவர் பழைய கணினிக்கு அடுத்த படி என்ன என்று மட்டும் கேட்பேன்.

பழையது மின்சாரம் தின்னும் என்பது அடுத்தது. கணக்குப் போட்டே பார்க்கலாம். உற்பத்தியாளர்கள் வெளியிடும் கணக்குகளின்படி ஒரு மடிக்கணினி செய்து முடிக்கப் பொதுவாக 200 கிலோவை ஒட்டிய கரியமில வாயு வெளியாகிறது. இந்திய மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. பழைய மடிக்கணினி புதியதைவிட 10 வாட் கூடுதலாக இழுத்து, நாளைக்கு மூன்று மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 11 யூனிட், ஏறக்குறைய 8 கிலோ. புதியதைச் செய்த கடன் அடையக் கால் நூற்றாண்டு ஆகும். 100 வாட் இழுக்கும் பழைய மேசைக்கணினியை 20 வாட் மடிக்கணினியால் மாற்றினால் மூன்று நான்கு ஆண்டில் கடன் அடைந்துவிடும். இரவு பகலாக ஓடும் மேசைக்கணினி என்றால் ஆறு மாதம்கூட ஆகாது. அதை மாற்றுவதே அறம். என் வாதம் பழமைக்கு வக்காலத்து இல்லை. அந்தந்த இயந்திரத்தைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்வது.

எல்லோரும் வாங்காமல் இருந்தால் வேலைவாய்ப்பு என்னாகும் என்பது பெர்னார்ட் லண்டனின் பழைய கேள்வி. தஞ்சாவூரில் பிறந்து, கிறிஸ்தவராகவும் காந்தியவாதியாகவும் வாழ்ந்து, கடைசிக் காலத்தில் டி.கல்லுப்பட்டியில் தங்கியிருந்த ஜே.சி.குமரப்பா இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். தோண்டத் தோண்டத் தீரும் இருப்பிலிருந்து வாழ்வதையும், ஓடிவந்துகொண்டே இருக்கும் வளத்திலிருந்து வாழ்வதையும் அவர் பிரித்துக் காட்டினார். மனித உழைப்பும் கைத்திறனும் தீராத வளம். சென்னை ரிச்சி தெருவில் ஒரு மதர்போர்டைச் சரிசெய்பவருக்கு நாம் கொடுக்கும் கூலி அந்த வளத்துக்குப் போகிறது. ரேமைப் போர்டோடு பற்றவைத்துவிடும் இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் அவருடைய வேலையைப் பறிக்கின்றன. வாங்கும்போதே திறந்து சரிசெய்ய முடியுமா என்று கேட்பதும் இந்த அறத்தில் சேர்ந்ததுதான்.

மெதுவான கணினி பொறுமையைக் கற்றுத்தரும், காத்திருப்பு ஒரு தியானம் என்று சிலர் சொல்வார்கள். என் கட்சிக்கு உதவுகிற வாதம்தான்; ஆனாலும் நான் அதை ஏற்கவில்லை. விண்ணப்பத்தின் கடைசி நாளில், சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவிக்குப் பொறுமையை உபதேசிப்பது கொடுமை. தேவையற்ற தாமதம் யாருக்கும் புண்ணியம் தராது. அதை நீக்க வேண்டும். அந்தத் தாமதத்தில் பெரும்பகுதி ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. அது ஒரு துணுக்குத் தகவலைத் தேடி எடுக்க ஏறக்குறைய 10 மில்லி வினாடி எடுக்கும். எஸ்எஸ்டி அதில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் முடிக்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு பிற்பகலும் செலவழித்தால் தீரும் துன்பத்தை, 24 கோடி இயந்திரங்களைப் புதைத்துத் தீர்க்க வேண்டியதில்லை.

பரணில் கிடக்கும் கணினியும் எறியப்பட்ட கணினிதான். பயன்படாமல் பூட்டி வைப்பதைக் காப்பது என்று சொல்லிக்கொள்ள முடியாது. சரஸ்வதி பூஜையன்று கீபோர்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கும் வீடுகள் நம்மிடையே ஏராளம். அந்தப் பொட்டு, இந்தக் கருவிக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன் என்ற ஒப்புதல். அடுத்த சில வாரங்களில் வரும் தீபாவளி எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் அதைத் தள்ளிவிடுவதற்கு முன் அந்த ஒப்புதலை நினைத்துப் பாருங்கள். பின்மூடியைத் திறந்து தூசியைத் துடையுங்கள். எஸ்எஸ்டி போட்டு, ஒரு லினக்ஸை ஏற்றி ஓட்டிப் பாருங்கள். உங்களுக்குப் போதவில்லை என்றால் யாருக்குப் போதும் என்று விசாரியுங்கள். யாருக்கும் உதவாத நிலை வந்துவிட்டால், உங்கள் கோப்புகளை முழுக்க அழித்துவிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படையுங்கள். காயலான் கடைத் தராசில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.